நெடுந்தூர ரயில்களில் தரப்படும் உணவு ஏன் இப்படி இருக்கிறது?

கேள்வி: சன்னலோரம்

அனைவருக்கும் வணக்கம். ஓரிரவை, சில வேளைகளில் இரண்டு இரவுகளை, ரயிலிலேயே கழிக்க வேண்டிய பயணங்கள் என் வேலையில் அடிக்கடி வருகின்றன. இருக்கைக்கே கொண்டுவந்து தரப்படும் உணவைக் குறை சொல்லாத பயணி இல்லை, நானும் சொல்லியிருக்கிறேன். அது ஏன் அப்படி இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்களிடம் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பது வெகுநாள் எண்ணம்.

நான் கவனித்தவை இவை. காலை உணவு பெரும்பாலும் பரவாயில்லாமல் இருக்கிறது; இரவு உணவுதான் ஏமாற்றுகிறது. முதல் வேளையில் நன்றாக இருந்த அதே பதார்த்தம், மறுநாள் வேறு யாரோ சமைத்தது போல் வருகிறது. அலுமினியத் தாள் மூடியைப் பிரித்தால் அதன் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்து நின்று, சோற்றின் மேலேயே சொட்டுகிறது. பொரித்தது எதுவானாலும் ஊறித் துவண்டு கிடக்கிறது. தட்டின் ஓரம் நாக்கைச் சுடுகிறது, நடுப்பகுதியோ சில்லென்று இருக்கிறது.

இதில் எவ்வளவு தவிர்க்க முடியாதது, எவ்வளவு அலட்சியம்? சமைப்பவரின் கைத்திறன் குறைவா, பொருள்களில் செய்யும் சிக்கனமா, அல்லது ஓடும் வண்டியில் இதற்கு மேல் எதிர்பார்க்கவே கூடாதா? எந்த ஒரு நிறுவனத்தின் மீதும் புகாராக இதை எழுதவில்லை. பொதுவாக எங்கும் இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: பழைய சமையற்கட்டு

ரயில்களுக்கு உணவு அனுப்பும் பெரிய சமையற்கூடம் ஒன்றில் முன்பு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் உண்ணும் உணவில் பெரும்பகுதி அந்த வண்டியில் சமைத்ததாக இருக்காது. வழியில் உள்ள ஏதோ ஒரு நகரத்தின் சமையற்கூடத்தில் வெந்து, பெட்டிகளில் அடைபட்டு, நடைமேடையில் காத்திருந்து, வண்டி வந்ததும் ஏற்றப்பட்டு, பிறகே உங்களிடம் வருகிறது. ஆகவே தரத்தைப் பற்றிப் பேசும்போது சமைத்தவரின் கைமணத்தை விட, அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் நீங்கள் மூடியைப் பிரிப்பதற்கும் இடையே கழிந்த நேரத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

அந்த நேரத்தைக் கடத்துவதற்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, சூடு ஆறாமலே வைத்திருப்பது. மற்றொன்று, சமைத்தவுடன் விரைவாகக் குளிர்வித்து, வண்டியில் மீண்டும் சூடாக்குவது. நோய்க்கிருமிகள் பெருகுவதற்கு வசதியான வெப்பநிலை 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரை என்பதால், உணவு அந்த இடைவெளியில் நிற்கக் கூடாது என்பதே இரண்டு முறைகளுக்கும் அடிப்படை. சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்திற்கு மேல் வைக்கக் கூடாது என்றும், மீண்டும் சூடாக்கும்போது உள்ளே வரை 70 பாகையைத் தாண்ட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சூடாகவே வைப்பது கேட்பதற்கு எளிது. ஆனால் 60 பாகைக்கு மேல் மணிக்கணக்கில் நிற்கும் உணவு, மூடியின் உள்ளே தொடர்ந்து வெந்துகொண்டேதான் இருக்கும். காய் நிறம் மாறும், குழம்பு கெட்டிப்படும், மேலே ஆடை படியும். உணவிலிருந்து எழும் ஆவி போக்கிடமின்றி மூடியில் மோதி நீராகும். நீங்கள் பார்த்த நீர்முத்துக்கள் அவைதாம். அந்த நீர் பொரித்த பண்டத்தின் மேல் விழுந்தால் மொறுமொறுப்பு எங்கே இருக்கும்? மூடியில் துளையிட்டால் ஆவி போய்விடும். கூடவே சூடும் போய்விடும்.

குளிர்வித்து அனுப்பும் முறையில் வேறொரு சங்கடம். ஆழமான அண்டாவில் உள்ள குழம்பு தானாக ஆறுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை வெளியார் எளிதில் நம்பமாட்டார்கள். மேலே கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும். வெப்பமானியின் ஊசியை நடுவில் இறக்கினால் எண் இன்னும் உயரத்தில் நிற்கும். அதனால்தான் விவரமறிந்த கூடங்களில் அண்டாவோடு ஆறவிடாமல், ஆழம் குறைந்த தட்டங்களில் பரப்பி, குளிர்காற்று வீசும் அறைக்குள் தள்ளுவார்கள். அமெரிக்க உணவு விதித்தொகுப்பு இதற்குக் கணக்கே வகுத்திருக்கிறது: 57 பாகையிலிருந்து 21 பாகைக்கு 2 மணி நேரத்திற்குள் வர வேண்டும், அங்கிருந்து 5 பாகைக்கு வருவதையும் சேர்த்து மொத்தம் 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இடமும் தட்டங்களும் போதாத கூடத்தில், கடைசி அண்டா மட்டும் மூலையில் நின்றுகொண்டே இருக்கும். பெரும்பாலான தவறுகள் அந்த மூலையில்தான் தொடங்குகின்றன.

சோற்றுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. வெந்த மாவுச்சத்து மீண்டும் இறுகும் வேகம், குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையில்தான் மிகுதி. கிருமியிடமிருந்து காப்பாற்றும் அதே குளிர், சோற்றை விறைக்கச் செய்கிறது. வண்டியில் உள்ள சூட்டடுப்பில் தட்டங்களை நெருக்கி அடுக்கி, நேரமில்லாமல் எடுத்துவிட்டால், ஓரம் கொதிக்கும், நடுவில் விறைப்பு விலகாது. நீங்கள் சொன்ன சூடும் குளிருமான தட்டு இப்படித்தான் உருவாகிறது. சமையற்காரர் மீது பழி போட வேண்டாம்.

என் கருத்தில், தரத்தைத் தீர்மானிக்கும் மிகப் பெரிய முடிவு அடுப்புக்கு முன்பே, பட்டியல் எழுதும் மேசையில் எடுக்கப்படுகிறது. குழம்பு வகைகள், வேகவைத்த பயறுகள், மெதுவாக வெந்த இறைச்சி ஆகியவை காத்திருப்பைத் தாங்கும். சில மணி நேரம் கழித்துச் சுவை கூடுவதும் உண்டு. பொரித்தவை, கீரை, மெல்லிய ரொட்டி, முட்டைப் பொரியல் ஆகியவை தாங்கா. இது தெரிந்திருந்தும், பட்டியல் பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தாங்காதவற்றைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மறுமொழி: தண்டவாளம்

நண்பர் சொன்ன சமையற்கூடக் கணக்கு முழுவதும் சரி. ஆனால் தெரிந்த தீர்வுகளை ஏன் செய்யாமல் விடுகிறார்கள் என்ற கேள்விக்கு விடை, உணவு அறிவியலில் இல்லை; யார் நட்டத்தைச் சுமக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ரயில் வரலாற்றில் ஆர்வமுள்ளவன் என்பதால் சற்று பின்னோக்கிச் செல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியோடு இணைந்த உணவறைப் பெட்டிகள் வருவதற்கு முன்பு வண்டிகள் வழியில் நின்று, பயணிகள் இறங்கி ஓடி உண்டு திரும்பினார்கள். இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, ஸ்விண்டன் நிலையத்தைத் தம் செலவில் கட்டித் தந்தவர்களுக்கு அங்குள்ள உணவறைகளை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. எல்லா வண்டிகளும் அங்கே சுமார் 10 நிமிடம் நின்றே செல்ல வேண்டும் என்று 1841 இல் எழுதிய ஒப்பந்தம் சொன்னது. நின்றே ஆக வேண்டிய வண்டி, வேறு கடை இல்லாத நடைமேடை, 10 நிமிட அவகாசம்: இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் யார் நல்ல காப்பி போடுவார்கள்? அந்த ரயில்பாதையை அமைத்த பொறியாளர் புரூனல், அந்த உணவறையை நடத்தியவருக்கே எழுதிய கடிதம் இன்றும் புகழ்பெற்றது. இங்கே காப்பி என்று ஒரு பொருள் இருப்பதாகவே தாம் நம்பவில்லை என்றும், குறை சொல்வதைத் தாம் நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று என்றும் அதில் குறிப்பிட்டார். அந்தக் கட்டாய நிறுத்தத்திலிருந்து விடுபட, 1895 இல் நிறுவனம் 1,00,000 பவுண்டு கொடுத்துக் குத்தகையைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

இதே நடைமேடை முறையில் நல்ல உணவும் கொடுக்க முடியும் என்பதை அமெரிக்காவில் பிரெட் ஹார்வி காட்டினார். 1876 இல் டோபீகா நிலையத்தில் தொடங்கிய அவருடைய உணவகங்களுக்கு, எத்தனை பேர் உண்ண இறங்குவார்கள் என்ற எண்ணிக்கை தந்தி வழியாக முன்னதாகவே போய்விடும். வண்டி நிற்கும்போது உணவு தயாராக இருக்கும். சமைப்பதற்கும் உண்பதற்கும் இடையிலான நேரத்தைச் சுருக்கியதுதான் அவருடைய வெற்றி என்று பார்த்தால், முந்தைய மறுமொழியும் நானும் ஒரே இடத்திற்கு வருகிறோம். இன்று கைபேசியில் முன்பதிவு செய்து, வரும் நிலையத்தில் உணவைப் பெறும் வசதியும் அதே உத்திதான்.

ஓடும் வண்டியில் உணவறை என்பது அமெரிக்காவில் ரயில்பெட்டி தயாரிப்பாளர் புல்மன் 1868 இல் விட்ட ‘டெல்மோனிக்கோ’ பெட்டியோடு பெயர் பெற்றது. ஐரோப்பாவில் 1883 இல் ஓடத் தொடங்கிய ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் அதை ஆடம்பரத்தின் உச்சத்திற்குக் கொண்டு சென்றது. அந்தக் காலத்து வெள்ளித் தட்டுகளைப் பற்றி ஏங்கி எழுதுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க உணவறைப் பெட்டிகள் பெரும்பாலும் நட்டத்திலேயே ஓடின. போட்டி நிறுவனங்களிடமிருந்து பயணிகளை இழுக்கும் விளம்பரச் செலவாக நிறுவனங்கள் அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டன. போட்டி மறைந்ததும் ஏற்றுக்கொள்ளும் காரணமும் மறைந்தது.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக். உணவு விற்பனையில் வரும் நட்டத்தை 5 ஆண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்று 2015 இல் அமெரிக்காவில் சட்டமே வந்தது. அதன் பிறகு, கிழக்குப் பகுதியின் நெடுந்தூர வண்டிகளில் புதிதாகச் சமைப்பதை விட்டு, முன்பே தயாரித்த தட்டங்களுக்கு மாறினார்கள். 2020 இல் பெருந்தொற்றின்போது மேற்குப் பகுதி வண்டிகளும் அப்படியே மாறின. பயணிகளின் அதிருப்திக்குப் பிறகு, 2021 இல் அந்த மேற்குப் பகுதி வண்டிகளில் வழக்கமான உணவறைச் சமையல் திரும்பியது. அதே ஆண்டு வந்த சட்டம் அந்த நிபந்தனையையும் நீக்கியது. சமையற்காரர்களின் திறமை அந்தச் சில ஆண்டுகளில் குறைந்து பிறகு கூடிவிடவில்லை. கணக்கேட்டில் ஒரு வரி மாறியது, தட்டில் உணவு மாறியது.

சன்னலோரம்

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவான விடையை எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகங்கள். காலை உணவு மட்டும் ஏன் தப்பித்துக்கொள்கிறது? மேலும், பேன்ட்ரி கார் இணைத்த வண்டியில் புதிதாகச் சமைக்க முடியும் என்றால், அதுவே எல்லாவற்றுக்கும் தீர்வு ஆகாதா?

மறுமொழி: பழைய சமையற்கட்டு

காலை உணவில் ரொட்டி, பழம், தயிர், அடைத்து வந்த வெண்ணெய் என்று சமைக்கவே தேவையில்லாதவை பல இருக்கும். காத்திருப்பு அவற்றை அதிகம் பாதிப்பதில்லை. இரவு உணவின் நிலை வேறு. பகல் முழுவதும் சேர்ந்த தாமதம் எல்லாம் அதன் தலையில்தான் விடியும். மாலையில் ஏற்றுவதற்காகத் தயாரான பெட்டிகள், வண்டி மூன்று மணி நேரம் பிந்தினால், நடைமேடையிலேயே மூன்று மணி நேரம் கூடுதலாக நிற்கும். ஏற்கெனவே வெந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் சமைக்க யாருக்கும் மனம் வராது; அந்தச் செலவை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி வரவும் செய்யாது.

பேன்ட்ரி கார் பற்றி: அது ஒரு பெட்டியின் அகலத்திற்குள் அடங்கிய சமையலறை. இருவர் ஒருவரை ஒருவர் தாண்டிச் செல்வதற்கே உடலைத் திருப்ப வேண்டும். வண்டி குலுங்குவதால் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்ப முடியாது. அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு வேண்டும். தீ விபத்து அச்சத்தால் திறந்த சுடரைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. மின் அடுப்புக்கோ வண்டியில் கிடைக்கும் மின்சாரத்திற்கு ஓர் அளவு உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் தண்ணீர். தொட்டியில் இருப்பதைக் கொண்டே காய் கழுவ வேண்டும், சமைக்க வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும், கையும் கழுவ வேண்டும். தண்ணீர் குறையும்போது முதலில் குறைவது எது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சில பத்துப் பேருக்கு அங்கே அருமையாகச் சமைக்கலாம். பல நூறு பேருக்கு ஒரே வேளையில் என்றால், தரையில் உள்ள நல்ல சமையற்கூடமே மேல்.

மறுமொழி: மருந்துப்பெட்டி

சுவையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். பொதுச் சுகாதாரத் துறையில் இருப்பவள் என்பதால், தரம் என்ற சொல்லுக்குள் வேறொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். ஊறிப்போன பண்டம் யாரையும் படுக்கையில் தள்ளாது. மணமும் சூடும் நன்றாகவே இருக்கும் சோறு தள்ளிவிடக்கூடும்.

பாசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் சோறு வேகும் கொதிநிலையைத் தாங்கிப் பிழைப்பவை. சோறு அறை வெப்பத்தில் நெடுநேரம் நிற்கும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை வெளியிடுகின்றன. அந்த நச்சு, மீண்டும் சூடாக்குவதால் அழிவதில்லை. ஆகவே “ஆவி பறக்கக் கொடுத்தார்கள், அதனால் பாதுகாப்பானது” என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. இறைச்சிக் குழம்பு பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும்போது பெருகும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் வேறு வகை. நண்பர் சொன்ன மூலை அண்டாவுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு.

பயணிகள் பெரும்பாலும் தவறான வேளையையே குற்றம் சாட்டுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் சொன்ன சோற்று நச்சு, உண்ட 6 மணி நேரத்திற்குள் வாந்தியாக வெளிப்படும். பெர்ஃபிரின்ஜென்ஸால் வரும் வயிற்றுவலியும் பேதியும் 6 முதல் 24 மணி நேரம் கழித்து வரும். காலையில் வயிறு கலங்கியவர், அப்போது குடித்த பாலைச் சந்தேகிப்பார். காரணம் முந்தைய நாள் மாலை, வேறொரு நகரத்தில் ஏற்றிய குழம்பாக இருக்கலாம். பல ஊர்களின் சமையல் ஒரே வயிற்றில் சேரும் நெடுந்தூரப் பயணத்தில், புகாரில் “நேற்று உண்டது” என்று எழுதினால் ஆய்வாளருக்கு ஒன்றும் பயன்படாது. எந்த வேளை, எந்த நிலையத்திற்குப் பிறகு கொடுத்தார்கள், எந்தப் பெட்டி, கூட உண்டவர்களில் யாருக்கு ஒன்றும் ஆகவில்லை, அறிகுறி தொடங்கிய மணி என்ன ஆகியவற்றை எழுதி, மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் படம் எடுத்து இணைத்தால், அது எந்தக் கூடத்தில் எந்த வேளையில் சமைத்தது என்பதைத் தேடிப் போக முடியும்.

மறுமொழி: கீழ்ப்படுக்கை

நான் சற்று மாறுபடுகிறேன். தாங்கக்கூடிய பண்டங்களை மட்டும் பட்டியலில் வைக்க வேண்டும் என்று பழைய சமையற்கட்டு சொல்வது, ஒரு வேளை உண்பவருக்குப் பொருந்தும். மூன்று நாள் பயணம் செய்பவருக்கு ஐந்தாம் முறையாகவும் அதே குழம்பு வந்தால், அது எவ்வளவு பக்குவமாக இருந்தாலும் வெறுத்துப்போகும். முதியவர்களும் குழந்தைகளும் காரமின்றி, மென்மையாக ஏதாவது கேட்பார்கள்.

சூடாகவே தர வேண்டும் என்ற பிடிவாதத்தையும் நாம் கொஞ்சம் தளர்த்தலாம். ஜப்பானில் நிலையங்களில் விற்கும் எகிபென் பெட்டி உணவைப் பாருங்கள். ஆறிய நிலையில் உண்பதற்கென்றே, அதற்கேற்ற சுவையூட்டலோடு அது தயாரிக்கப்படுகிறது. சூடாக இருந்தது ஆறிப்போன உணவுக்கும், ஆறிய நிலைக்காகவே செய்த உணவுக்கும் எவ்வளவோ வேறுபாடு. அங்கே நிலையத்தில் நல்லது கிடைப்பதால் வண்டிக்குள் விற்பனையே சுருங்கியது. டோக்கைடோ ஷிங்கான்சென் அதிவேக ரயில்களின் சாதாரணப் பெட்டிகளில் தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள், ஆள் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணம். சைபீரியாவைக் கடக்கும் ரஷ்ய வண்டிகளிலோ, பெட்டிக்குப் பெட்டி வெந்நீர்க் கொதிகலன் இருக்கிறது. பயணி தாம் கொண்டுவந்ததை அதில் நனைத்து உண்கிறார். ரயில்வே சமைத்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

மறுமொழி: தண்டவாளம்

கீழ்ப்படுக்கை சொல்வது, நிலையங்களில் வண்டி போதிய நேரம் நிற்கும் இடங்களுக்கும், பயணி கையில் எடுத்துவரக்கூடிய தொலைவுக்கும் சரி. இரண்டு நிமிடம் மட்டும் நிற்கும் விரைவு வண்டியில், கைக்குழந்தையோடு தனியாக வருபவர் எங்கே இறங்கி வாங்குவார்? அவருக்கு வண்டிக்குள் வருவதுதான் ஒரே வழி. ஸ்விண்டனில் இருந்தவரைப் போலவே அவரும் மாட்டிக்கொண்டவர்தான். பயணச் சீட்டோடு உணவுக் கட்டணத்தையும் சேர்த்து வாங்கிவிடும் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். விற்பனை குறைகிறதா என்பதை வைத்துத் தரத்தை அளக்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. உணவு விற்கும் உரிமத்தை அதிகத் தொகைக்கு ஏலம் கேட்பவருக்குக் கொடுத்தால், அவர் அந்தத் தொகையை எடுப்பதற்குத் தட்டைத் தவிர வேறு இடம் ஏது?

சன்னலோரம்

அப்படியானால், காலாவதி நாளோடு, சமைத்து முடித்த மணியையும் ஒவ்வொரு பொதியின் மீதும் அச்சிடச் சொன்னால் என்ன? அதற்குப் பெரிய செலவு ஆகாதே.

மறுமொழி: பழைய சமையற்கட்டு

செலவு ஆகாது, பொதியை மூடும் இயந்திரமே அச்சிட்டுவிடும். நான் வேலை பார்த்த இடத்தில் அந்தப் பேச்சு வந்தபோது, எதிர்ப்பு சமையலறையிலிருந்து வரவில்லை. மணியை அச்சிட்டால், வண்டி பிந்திய நாளில் பயணி அதைப் படித்துவிட்டு உணவை மறுப்பார். மறுத்த தட்டுக்குப் பணம் யார் தருவது என்று ஒப்பந்தக்காரரும் ரயில்வேயும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பிந்தியது வண்டியின் பிழை என்பதால் ரயில்வே தர வேண்டும் என்றார் ஒருவர். கூடுதல் பெட்டி வைத்திருப்பது உம் பொறுப்பு என்றார் மற்றவர். அந்த ஒரு வரியை எழுதி முடிக்காமலே கூட்டம் கலைந்தது. அடுத்த ஒப்பந்தம் வரும்போது பயணிகள் அமைப்புகள் கேட்க வேண்டியது அந்த வரியைத்தான்.